வெளிநாடுவாழ் இந்தியர் வாக்குரிமை

வெளிநாடுவாழ் இந்தியர் வாக்குரிமை என்பது வேலை, கல்வி முதலிய காரணங்களுக்காக வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்கள், இந்தியத் தேர்தல்களில் வாக்களிக்கப் பெற்றுள்ள உரிமை ஆகும். இவ்வுரிமை 2011 பெப்ரவரி 10 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் வாக்காளர் தமது தொகுதியில் உள்ள வாக்குச்சாவடிக்கு நேரில் வந்தே வாக்களிக்க வேண்டும்.

வரலாறு

1950 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒரு தொகுதியில் "வழக்கமாகக் குடியிருப்பவர்" மட்டுமே அதன் வாக்காளர் பட்டியலில் இடம்பெறலாம் என்கிறது. இதனால் நெடுங்காலம் வெளிநாட்டில் பணிபுரிந்தோர், குடியுரிமையை இழக்காதபோதும் வாக்குரிமையின்றி இருந்தனர். 2010 இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் பிரிவு 20அ என்பதைச் சேர்த்து இந்நிலையை மாற்றியது.

தகுதிகள்

* இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும். வேறு நாட்டின் குடியுரிமையைப் பெற்றிருத்தல் கூடாது.
* தகுதி நாளில் 18 வயது நிறைவடைந்திருத்தல் வேண்டும்.
* வேறு எந்தத் தொகுதியிலும் வாக்காளராகப் பதிவு செய்திருத்தல் கூடாது.

வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருப்போர் சட்டப்படி வேறு நாட்டின் குடிமக்கள் ஆவர். எனவே அவர்களுக்கு வாக்குரிமை இல்லை.

பதிவு முறை

பதிவு செய்ய விரும்புவோர் படிவம் 6அ ஐ நிரப்பி, கடவுச்சீட்டின் உரிய பக்கங்கள், நுழைவிசைவு ஆகியவற்றின் படிகளுடன் வாக்காளர் பதிவு அலுவலரிடம் அளிக்க வேண்டும். இதனை இணையம் வழியாகவோ, அஞ்சலிலோ, நேரிலோ செய்யலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டிற்குச் சென்று விவரங்களைச் சரிபார்ப்பார்.

எந்தத் தொகுதி என்பதைக் கடவுச்சீட்டில் உள்ள இந்திய முகவரியே தீர்மானிக்கிறது. இதில் கவனம் தேவை. எடுத்துக்காட்டாக, சிமெண்ட் ஆலை அமைந்துள்ள ஆலங்குளம் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் "ஆலங்குளம்" என்ற பெயரிலுள்ள சட்டமன்றத் தொகுதி தென்காசி மாவட்டத்தில் உள்ளது. விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தைச் சேர்ந்தவர், படிவத்தில் ஊர்ப் பெயரையே தொகுதிப் பெயராக எழுதிவிட்டால் அது தொடர்பில்லாத தொகுதியாகிவிடும். மேலும் விருதுநகர் மாவட்டம் முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதியில் அடங்கவில்லை. சிவகாசி, சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டை ஆகிய சட்டமன்றத் தொகுதிகள் விருதுநகர் மக்களவைத் தொகுதியிலும், இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகியவை தென்காசியிலும், திருச்சுழி இராமநாதபுரத்திலும் உள்ளன.

வாக்களிப்பு

வெளிநாடுவாழ் வாக்காளர்களின் பெயர்கள் பட்டியலில் தனிப் பிரிவாக இடம்பெறும். அவர்களுக்கு வாக்காளர் அடையாள அட்டை வழங்கப்படுவதில்லை. மூலக் கடவுச்சீட்டைக் காட்டியே வாக்களிக்க வேண்டும். நிரந்தரமாக ஊர் திரும்பியவர், படிவம் 6 மூலம் பொது வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

படைத்துறையினரும் வெளிநாட்டில் பணியமர்த்தப்பட்ட அரசு ஊழியர்களும் பணி வாக்காளர்கள் எனப்படுவர். அவர்களுக்கு அஞ்சல் வாக்கு வசதி உண்டு. தனியார் வேலையில் உள்ள தொழிலாளிக்கும் மாணவருக்கும் அவ்வசதி இல்லை.

பயன்பாடு

வெளிநாடுவாழ் இந்தியர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் உள்ளனர். ஆனால் 2024 மக்களவைத் தேர்தலில் பதிவு செய்திருந்தோர் 1,19,374 பேர் மட்டுமே. அவர்களுள் 2,958 பேர் வாக்களித்தனர். பதிவு செய்தோரில் 89,839 பேரும், வாக்களித்தோரில் 2,670 பேரும் கேரளத்தைச் சேர்ந்தவர்கள். வானூர்திக் கட்டணம், விடுப்பு கிடைக்காமை ஆகியவை முதன்மைத் தடைகள். சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ கூலி வேலை செய்பவருக்கு ஒரு நாள் வாக்களிப்பிற்காக வந்து செல்லும் செலவு பெருஞ்சுமையாகும்.

வாக்குகளின் எண்ணிக்கை சிறிதாயினும் முடிவைப் பாதிக்கக்கூடும். 2024 இல் விருதுநகர் மக்களவைத் தொகுதியில் மாணிக்கம் தாகூர் 4,379 வாக்குகள் வேறுபாட்டிலேயே வெற்றி பெற்றார்.

மாற்று முறைகளுக்கான முயற்சிகள்

நேரில் வரவேண்டும் என்ற நிபந்தனையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. இதையொட்டித் தேர்தல் ஆணையம் அமைத்த குழு, மின்னணு முறையில் அனுப்பப்படும் அஞ்சல் வாக்கு, பதிலாள் வாக்கு ஆகிய இரண்டையும் 2014 இல் பரிந்துரைத்தது. பதிலாள் வாக்கு என்பது வாக்காளர் நியமிக்கும் ஒருவர் அவருக்காக வாக்களிப்பதாகும். இதற்கான சட்ட முன்வரைவு 2018 ஆகத்து 9 அன்று மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாத நிலையில், 2019 இல் மக்களவை கலைக்கப்பட்டபோது அது காலாவதியானது.

பதிலாள் முறையில் வாக்கின் இரகசியம் காக்கப்படாது என்பதும், பதிலாள் தம் விருப்பப்படி வாக்களித்தாலும் அதை அறிய வழியில்லை என்பதும் முக்கிய எதிர்ப்புகள் ஆகும். 2020 இல் தேர்தல் ஆணையம் மின்னணு அஞ்சல் வாக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கும் விரிவுபடுத்தலாம் என்று சட்ட அமைச்சகத்திற்குத் தெரிவித்தது.

பிற நாடுகளில்

* சிங்கப்பூர்: தேர்ந்தெடுக்கப்பட்ட தூதரகங்களில் வாக்களிக்கலாம். 2023 குடியரசுத் தலைவர் தேர்தல் முதல் அஞ்சல் வாக்கும் உண்டு.
* மலேசியா: 2013 பொதுத் தேர்தல் முதல் வெளிநாட்டில் வாழும் குடிமக்களுக்கு அஞ்சல் வாக்கு விரிவுபடுத்தப்பட்டது.
* பிலிப்பைன்சு: 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டிலிருந்தே வாக்களிக்கலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* இந்தியத் தேர்தல் ஆணையம்
* விருதுநகர் மக்களவைத் தொகுதி
* அஞ்சல் வாக்கு