முன்னோரும் தொழிற்பெயரும்: ஹியூகனோ ஆவணங்களைப் படித்தல்

பிரான்சு நாட்டின் சீர்திருத்தச் சபைக் கிறித்தவர்களை ஹியூகனோக்கள் என்பர். 1598-இல் பிறந்த நான்ட் கட்டளை அவர்களுக்கு வழிபாட்டுரிமை அளித்தது. 1685-இல் பதினான்காம் லூயி மன்னர் அதனை நீக்கவே, பெருந்தொகையினர் லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் பெர்லினுக்கும் நன்னம்பிக்கை முனைக்கும் புலம்பெயர்ந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று முன்னோரைத் தேடிப் பழைய திருமண ஒப்பந்தங்களைப் புரட்டுகையில், ஆளின் பெயரை அடுத்து ஒரு தொழிற்சொல் நிற்கக் காண்கின்றனர். இடறல் பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது.

'லபூரர்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் அறிந்தவர் இதனை 'லேபரர்' என்பதோடு இணைத்துத் தம் பாட்டனாரைக் கூலியாளாக்கிவிடுவர். இரு சொற்களும் உழைப்பைக் குறிக்கும் ஒரே இலத்தீன் வேரில் கிளைத்தவையே. ஆயினும் பிரெஞ்சில் அவ்வினைச்சொல் நிலத்தை உழுதல் என்னும் பொருளுக்குக் குறுகிற்று. சொந்த ஏரும் அதனை இழுக்கும் விலங்குகளும் உடையவரே லபூரர். ஏரில்லாத அண்டையாரின் நிலத்தையும் உழுது கொடுத்து, அதற்கு ஈடாக அவர்களின் உழைப்பைப் பெற்றவர், ஊரில் மதிப்புக்குரியவர். நம் 'உழவர்' என்னும் சொல் ஆங்கிலச் சொல்லைவிட இதற்கு நெருங்கியது என்பதில் நமக்குச் சிறு மகிழ்ச்சி உண்டு. கூலியாளைக் குறிக்க வேறு சொற்கள் இருந்தன: 'ஜூர்னலியே' என்பதில் நாளும், 'மனூவ்ரியே' என்பதில் கையும், தெற்கத்திய 'பிராசியே' என்பதில் புயமும் பொதிந்துள்ளன. ஏர் இல்லாதவரிடம் எஞ்சியிருந்தவை அவையே.

ஹியூகனோக்கள் செறிந்து வாழ்ந்த லாங்கடாக், செவென் மலைப் பகுதிகளில் மக்கள் பேசியது ஆக்சிதம். பத்திரம் எழுதுவோர் எழுதியதோ பிரெஞ்சு. ஆகவே பாரிசு நகரத்து அகராதி அங்கே முழுமையாக உதவாது. சொந்த நிலத்தில் பயிரிட்ட குடியானவர் அங்கே 'மெனாஜே' எனப்பட்டார். பொதுவாக 'உழைப்பவர்' என்று பொருள்படும் 'திராவையர்' அவ்விடங்களில் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவரைச் சுட்டியது. 'பிராத்திசியான்' மருத்துவர் அல்லர். சட்ட நடைமுறை பயின்றவர். 'பூர்ஷ்வா' என்பதைத் தொழிலாகவே கொள்ளலாகாது. அது நகர உரிமையையோ, வாடகை வருவாயில் வாழும் நிலையையோ குறிக்கும் தகுதிப்பெயர்.

தொழிற்சொல்லுக்குள் சட்டத்தின் கையும் உண்டு. 1680-இல் சீர்திருத்தச் சபைப் பெண்டிர் மருத்துவச்சியாகப் பணியாற்றுவது தடை செய்யப்பட்டது. 1685-இல் வழக்கறிஞர், மருத்துவர் தொழில்களின் கதவுகளும் அடைக்கப்பட்டன. அதன்பின் பத்திரப் பதிவாளர் பதவிக்கு வருபவர் தாம் கத்தோலிக்கர் என்னும் சான்றினைக் காட்ட வேண்டியிருந்தது. எனவே 1700-இல் நம் முன்னோர் ஒருவர் அப்பதவியில் காணப்படின், அவர் வெளிப்பார்வைக்கேனும் மதம் மாறியிருந்தார் என்று கொள்ளலாம். அவர் உள்ளத்தைப் பற்றி அச்சொல் எதுவும் உரைப்பதில்லை. புதிதாக மாறியோர் எனப் பதியப்பட்ட குடும்பங்கள் பலவற்றில் பழைய வழிபாடு மறைவாகத் தொடர்ந்தது.

1787-இல் சகிப்புக் கட்டளை வரும்வரை, கத்தோலிக்கக் கோயிலுக்கு வெளியே நடந்த அவர்களின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. மறைந்து திரிந்த போதகர்கள் மலைகளிலும் காடுகளிலும் மணம் முடித்து வைத்தனர். இத்தகைய மணங்களுக்குப் பதிவாளர் எழுதிய சீதன ஒப்பந்தமே பல வேளைகளில் எஞ்சிய சான்று. ஒரே ஊரில் ஒரே பெயருடைய மூவர் இருப்பின், அவர்களைப் பிரித்தறியத் தொழிற்சொல்லே துணை. அதே சொல் நம்மை ஏமாற்றவும் கூடும்: முப்பது வயதில் 'மெனாஜே' என எழுதப்பட்டவர் அறுபதில் 'பூர்ஷ்வா' என எழுதப்படுவது இயல்பு. சொல் மாறியது கண்டு ஒருவரை இருவராக்கிக் கிளையை முறித்துவிடும் முன், இரு பத்திரங்களின் அடியில் உள்ள கையொப்பங்களை ஒப்பிட வேண்டும். எழுதத் தெரியாதவராயின், அச்செய்தியையும் பதிவாளர் அங்கேயே குறித்திருப்பார்.