சேயும் சேய்மையும்

'சேய்' என்னும் சொல்லுக்குக் குழந்தை என்றும் தொலைவு என்றும் இரு பொருளுண்டு. பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் இதைச் சொன்னபோது, கல்வராயன் மலையிலிருந்து படிக்க வந்த மாணவர் ஒருவர் எழுந்தார். "எங்கள் ஊரில் சேய்க்கு நோய் வந்தால் சேய்மைதான் ஐயா முதல் செலவு. வைத்தியம் இலவசம், பேருந்துக்கும் போன கூலிக்கும் யார் தருவார்?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

கட்டணம் நீங்கினால் மக்கள் மருத்துவரை மிகுதியாக நாடுவர் என்பது ஆய்ந்து கண்ட உண்மை. அமெரிக்காவில் 1974 முதல் 1982 வரை ராண்ட் நிறுவனம் நடத்திய ஆய்வு அதைக் காட்டிற்று. ஆயினும் கூடுதல் வருகையால் பெரும்பாலோர் உடல்நலம் மேம்பட்டதாகத் தெரியவில்லை. ஏழைகளாயும் நோயுற்றோராயும் இருந்தவர்க்கே பயன் தெளிவாகக் கிட்டியது. ஜப்பானில் குழந்தை மருத்துவம் குறித்து இரு பொருளியலாளர் 2022இல் வெளியிட்ட ஆய்வோ, கட்டணம் சுழியமானவுடன் வருகை சட்டெனத் தாவுகிறது என்கிறது. அவ்வாறு கூடுதலாக வருவோரில் நலமான குழந்தைகளே மிகுதி. வேண்டாத நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் பெருகுகிறது.

இதைப் படித்துவிட்டு, இங்கும் 10 ரூபாய் வாங்கினால் என்ன என்பாருண்டு. அவர்கள் வெள்ளிமலைக்குப் பேருந்து ஏறிப் பார்த்தவரல்லர் என்றே எண்ணுகிறேன்.

இம்மலை, சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் ஆகியோர் பெயரிலமைந்த ஜாகீர்களின் பிடியிலிருந்து அரசின் நேரடி ஆட்சிக்கு வந்தது 1976இல்தான். அப்போது மாவட்டத் தலைநகர் கடற்கரையிலிருந்த கடலூர். 1993இல் அது விழுப்புரமாயிற்று. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி. இங்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12 அன்று. அரசு மருத்துவமனையில் ஏழைக் குழந்தையைக் காட்டக் கட்டணமில்லை என்பதில் இத்தனை ஆண்டிலும் மாற்றமில்லை. பெரிய மருத்துவமனைதான் கடலோரத்திலிருந்து மலையடிவாரம் நோக்கி மெல்ல நகர்ந்து வந்திருக்கிறது. (மருந்தும் இலவசந்தானே என்பீர்கள். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமையும்வரை, சீட்டை எடுத்துக்கொண்டு வெளிக்கடைக்கு ஓடிய பெற்றோர் பலர்.)

எனவே தாய் வரவில்லையே என்று குறை கூறுவதைவிட, மருத்துவரே செல்வது மேல். புதன்கிழமைத் தடுப்பூசியும் கிராம சுகாதார செவிலியரின் நடையும் அவ்வழியே வந்தவை. 2013இல் நடுவணரசு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு 2 முறை அங்கன்வாடிக்கும், 1 முறை அரசுப் பள்ளிக்கும் சென்று குழந்தைகளைச் சோதிக்கிறது. பிறவி இதயக் குறை, காது கேளாமை போன்றவற்றைத் தாய் அறியுமுன்னே கண்டுபிடிக்க இது பெருந்துணை.

ஆனால் இக்குழு காண்பது அன்றைக்கு அங்கே இருக்கும் குழந்தையைத்தான். மலையில் வேலையற்ற மாதங்களில் குடும்பங்கள் கைக்குழந்தையோடு வெளியூர்க் கூலிக்கு இறங்கிவிடுகின்றன. வண்டி வரும் நாளில் அந்தக் குழந்தை எந்தத் தோட்டத்து மரநிழலில் தூளியில் கிடக்கிறதோ, அங்கே அதைத் தேடிப் போவது யார் பொறுப்பு?