கிண்டிக்கு வந்த மூன்று பெண்கள்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மயிலாப்பூர் மாட வீதிகளிலும், தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சுற்றிலும் ஒரே பேச்சுத்தான். "உங்கள் பையனுக்கு எந்தக் காலேஜ்?" "உங்கள் பெண்ணுக்கு எந்தப் பிரிவு கிடைத்தது?" காலேஜ் என்றால் என்ஜினீயரிங் காலேஜ் என்பதில் கேட்கிறவருக்கும் சந்தேகம் கிடையாது, பதில் சொல்கிறவருக்கும் கிடையாது. பிள்ளை எட்டாவது படிக்கும்போதே சித்தப்பா, பெரியப்பா, எதிர்வீட்டு மாமா எல்லோரும் கூடிப் பேசித் தீர்மானித்துவிட்ட விஷயம் அது. இப்படி ஊரெல்லாம் அறிந்த ஒரு தொழிலை, ஒருவருமே அறியாத காலத்தில், யார் யாருக்கு அறிமுகம் செய்துவைத்தார்கள்?

கதை 1794-ல் தொடங்குகிறது. கும்பெனியாருக்கு அப்போது நிலத்தை அளக்க ஆள் வேண்டியிருந்தது. ஏரி எங்கே, ஆறு எங்கே, எந்த ஊரில் எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை என்று தெரிந்தால்தானே வரி வசூலிக்கலாம்? சீமையிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றி வரவழைப்பது கட்டுப்படியாகாத காரியம். மைக்கேல் டாப்பிங் என்ற வானசாஸ்திரி ஒரு வழி கண்டார். நுங்கம்பாக்கத்தில் நட்சத்திரங்களைப் பார்க்கும் கூடத்தை அமைத்தவர் இவரே. கோட்டைக்கு அருகில் ஒரு ஸர்வே பள்ளிக்கூடம் திறந்து, எட்டுப் பையன்களைச் சேர்த்துக்கொண்டார். பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளை வளர்த்துவந்த அநாதை விடுதியிலிருந்து பொறுக்கியெடுத்த பையன்கள் அவர்கள். "உனக்கு இந்தத் தொழிலில் விருப்பமா?" என்று அவர்களை யாரும் கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வேண்டாம் என்று சொல்ல வீட்டிலே தாய் தகப்பன் இருந்தால் அல்லவா கேட்க வேண்டும்! டாப்பிங் இரண்டே வருஷத்தில், 1796-ல், காலமானார். பள்ளிக்கூடம் பிழைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடம் காலேஜ் ஆயிற்று. பல காலம் சேப்பாக்கத்தில் இருந்துவிட்டு, 1920-ல் அடையாற்றின் தென்கரைக்கு, கிண்டியில் கட்டிய சிவப்புக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. மராமத்து இலாகாவுக்கு வேண்டியவர்களெல்லாம் அங்கே தயாரானார்கள். அநாதைப் பையன்களுக்கென்று தொடங்கிய படிப்பு, சர்க்கார் உத்தியோகம், சம்பளம், பென்ஷன் என்று கௌரவம் சேரச் சேர, மயிலாப்பூர் வக்கீல் வீட்டுப் பிள்ளைகளும் போட்டி போடும் படிப்பாக மாறியது. 1930-ல் மின்சார என்ஜினீயரிங் பிரிவும் வந்தது. ஆனால் ஒன்று மட்டும் மாறவே இல்லை. 1794-லிருந்து 1940 வரை, நூற்று நாற்பத்தாறு வருஷங்கள், அந்த வாசலை மாணவியாக ஒரு பெண்கூட மிதிக்கவில்லை. மிதிக்கக் கூடாது என்று எழுதிவைத்த சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. யாருக்கும் அப்படி ஒரு யோசனையே வரவில்லை.

அந்தக் காலேஜில் மின்சாரப் பிரிவின் பேராசிரியர் பப்பு சுப்பா ராவ். தெலுங்குக் குடும்பம், குழந்தைகள் ஏழு பேர். ஐந்தாவது பெண் லலிதா, 1919-ல் சென்னையில் பிறந்தவர். அந்நாளைய வழக்கப்படி பதினைந்தாவது வயதில் கல்யாணம் நடந்தது. பத்தாவது வகுப்பு வரை படிப்பும் நடந்தது. 1937-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நாலு மாதம் ஆகும்போது கணவர் இறந்துபோனார். அப்போது லலிதாவுக்கு வயது பதினெட்டு.

பதினெட்டு வயது விதவைக்கு அந்தக் காலத்து வீடுகளில் என்ன நேரும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் நாவலாசிரியர்கள் அதை எழுதி எழுதிக் கண்ணீர் வற்றச் செய்துவிட்டார்கள். தலையை மழித்து, வெள்ளைப் புடவை கொடுத்து, அடுக்களைக்குப் பின்னாலுள்ள இருட்டறையைக் காட்டிவிடுவார்கள். சுப்பா ராவ் தம் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அப்படியொன்றும் நடக்கவில்லை. நடந்தது படிப்பு. கடற்கரையில் இருக்கும் ராணி மேரிக் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்து, முதல் வகுப்பில் தேறினார் லலிதா.

அடுத்தது என்ன? படித்த பெண்களுக்கு அப்போது தெரிந்த பெரிய உத்தியோகம் டாக்டர் உத்தியோகந்தான். லலிதாவும் அதை யோசித்தார். யோசித்துவிட்டு, வேண்டாம் என்று வைத்தார். இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும் என்கிறேன். அவர் வேண்டாம் என்றதற்குக் காரணம் பயமும் அல்ல, கூச்சமும் அல்ல. டாக்டருக்கு நேரங்காலம் கிடையாது. நடுநிசியில் கதவைத் தட்டுவார்கள். எழுந்து போக வேண்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அது எப்படி முடியும்? காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் தொழில் எது என்று பார்த்தார். அவருடைய அப்பா தினமும் போய்வந்துகொண்டிருந்த தொழில் கண்முன்னே இருந்தது. புத்தகமோ பிரசங்கமோ அவருக்கு அந்தத் தொழிலை அறிமுகம் செய்யவில்லை. அப்பா வீடு திரும்பும் நேரமே செய்துவிட்டது. தேசத்துக்கு அணை கட்ட வேண்டும், ஆலை நிறுவ வேண்டும் என்பதெல்லாம் உயர்ந்த நோக்கங்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு குழந்தையைத் தூங்கவைக்க நேரம் வேண்டும் என்று ஒருத்தி என்ஜினீயரானாள் என்பதைப் படிக்கும்போது, எனக்கு அந்த நோக்கங்களைவிட இதுவே பெரிதாகப் படுகிறது.

சுப்பா ராவ் பிரின்ஸிபால் கே. சி. சாக்கோவிடம் போய்ப் பேசினார். கல்வி இலாகாவின் டைரக்டர் ஸ்டாதமிடம் அனுமதி கேட்டார்கள். இருவருமே தடை சொல்லவில்லை. 1940-ல் லலிதா மின்சார என்ஜினீயரிங் வகுப்பில் சேர்ந்தார். நாலு வருஷப் படிப்பு. நூற்றுக்கணக்கான பையன்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். தங்குவதற்குத் தனி ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். குழந்தை உறவினர் பராமரிப்பில் வளர்ந்தது. வாரக் கடைசியில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

பையன்களால் தொந்தரவு ஏதும் இல்லை. வகுப்பிலும் குறைவில்லை. ஆனால் மாலையில் அறைக்குத் திரும்பினால் பேச ஆள் இல்லை. இதற்குத் தகப்பனார் செய்த காரியந்தான் இந்தக் கதையின் முக்கியமான கட்டம். "அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்று அவர் சொல்லியிருக்கலாம். பெரும்பாலான தகப்பனார்கள் அதைத்தான் சொல்வார்கள். சுப்பா ராவோ, கிண்டி என்ஜினீயரிங் காலேஜில் இனிப் பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்தார்! தம் பெண்ணுக்குத் துணை வேண்டும் என்பதற்காக ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் கதவு திறந்துவிட்டார். அதுவரை ஒரு வீட்டு விவகாரமாக இருந்தது, அன்றைக்குத்தான் பெண்களுக்கு ஒரு தொழில் ஆயிற்று.

விளம்பரத்துக்குப் பலன் கிடைத்தது. மலையாளத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்து சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். ஒருவர் பி. கே. திரேசியா, திருச்சூர்ப் பக்கத்துக்காரர். மற்றவர் லீலாம்மா ஜார்ஜ். இருவரும் லலிதாவுக்கு ஒரு வகுப்பு கீழே. ஆனால் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் படிப்பைச் சில மாதங்கள் குறைத்தார்கள். அதனால் மூவரும் ஒன்றாகவே படித்து முடித்தார்கள். இந்தியாவில் என்ஜினீயரிங் பட்டம் பெற்ற முதல் பெண்கள் இவர்கள்தாம். பட்டப் பத்திரத்தில் ஒரு வேடிக்கை. என்ஜினீயர் என்றால் ஆண்பிள்ளை என்று நினைத்து, ஆங்கிலத்தில் 'அவன்' என்றே அச்சடித்து வைத்திருந்தார்கள். அதைப் பேனாவால் அடித்துவிட்டு, 'அவள்' என்று திருத்திக் கொடுக்க வேண்டியதாயிற்று.

லலிதா ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஒரு வருஷம் பயிற்சி பெற்றார். பிறகு ஸிம்லாவில் ஒரு சர்க்கார் நிறுவனத்தில் வேலை. தகப்பனாரின் ஆராய்ச்சிகளிலும் கொஞ்ச காலம் உதவி செய்தார். 1948-ல் கல்கத்தாவில் அஸோஸியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியில் சேர்ந்தார். மின்சாரம் போகும் பாதைகளையும் துணை மின் நிலையங்களையும் திட்டமிட்டுப் படம் போடும் வேலை. பக்ரா நங்கல் அணைக்கட்டின் மின்சார வேலைகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. போகிற ஊரில் பெரும்பாலும் சகோதரர் வீட்டில் தங்குவார். குழந்தைக்கும் வீடு, அவருக்கும் உத்தியோகம். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1964-ல் நியூயார்க்கில், பெண் என்ஜினீயர்களும் விஞ்ஞானிகளும் கூடிய முதல் சர்வதேச மகாநாடு நடந்தது. லலிதா போயிருந்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி பிறந்திருந்தால் என்னைக் கணவரோடு சிதையில் ஏற்றியிருப்பார்கள் என்று அங்கே சொன்னாராம். என்ஜினீயர் அல்லவா, கணக்குச் சரியாகவே இருக்கிறது. 1964-லிருந்து நூற்றைம்பதைக் கழித்தால் 1814. உடன்கட்டை ஏறுவதைத் தடுத்து பெண்டிங்க் பிரபு வங்காளத்தில் சட்டம் போட்டது 1829-ல். சென்னை ராஜதானிக்கு அது வந்தது 1830-ல். மூன்று வருஷம் கழித்து, 1967-ல், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இரண்டாவது மகாநாடு கூடியபோது, இந்தியாவிலிருந்து ஐந்து பெண்கள் போய்வர லலிதா ஏற்பாடு செய்து கொடுத்தார். தகப்பனாரின் விளம்பர வித்தை பெண்ணுக்கும் கைவந்துவிட்டது போலும்!

திரேசியா கொச்சி ராஜ்யத்தின் மராமத்து இலாகாவில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1971-ல் கேரளத்தின் சீஃப் என்ஜினீயர் ஆனார். ஒரு ராஜ்யத்தின் சாலைகளும் பாலங்களும் சர்க்கார் கட்டடங்களும் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தன. ரப்பர் கலந்த தாரைச் சாலைக்குப் போட்டுப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். எட்டு வருஷம் அந்த நாற்காலியில் இருந்துவிட்டு 1979-ல் ஓய்வு பெற்றார். அதே 1979-ல், அக்டோபர் மாதம், தமது அறுபதாவது வயதில் லலிதா காலமானார். கல்கத்தாக் கம்பெனியிலிருந்து அவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது.