கராஜ் வாசலில் ஒரு சந்தை

நம் விடுதியில் ஏப்ரல் மாதக் கடைசி வாரம் எப்படி இருக்கும் என்று இந்த மலரைப் படிக்கும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பரீட்சை முடிந்த இறுதியாண்டுக்காரர்கள் வராந்தாவில் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டிராயிங் போர்டு, டி-ஸ்கொயர், பிளாஸ்டிக் வாளி, டேபிள் லாம்ப், அட்டை கிழிந்த புத்தகங்கள் எல்லாம் வரிசையாகப் பரப்பியிருக்கும். "எடுத்துக்கடா தம்பி, இனிமே எனக்கு எதுக்கு இது?" என்பார் சீனியர். "அண்ணே, கொஞ்சம் கொறைச்சுக் குடுங்க" என்போம் நாம். 1971-இல் என் ஸ்லைடு ரூல் எனக்கு இப்படித்தான் கிடைத்தது. விலை 12 ரூபாய். அதில் 2 ரூபாய் இன்னும் பாக்கி.

மலர்க் குழுவினர் என்னிடம், "சார், நீங்க ஏதாவது வரலாறு எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். சோழர்களைப் பற்றி எழுத நம்மில் தகுதியுள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குடித்தனம் நடத்தியவன். எனக்குத் தெரிந்த வரலாறு பழைய சாமான் வரலாறுதான். அங்கே அதற்குப் பெயர் 'கராஜ் சேல்'. வீட்டில் வேண்டாத பொருள்களைக் கார் கொட்டகையிலும் அதன் வாசலிலும் பரப்பி வைத்து, சனிக்கிழமை காலையில் ஊராருக்கு விற்பது. இடத்துக்கு இடம் பெயர் மாறும். புல்வெளியில் பரப்பினால் 'யார்டு சேல்'. நியூயார்க்கில் வீட்டுப் படிக்கட்டில் வைத்தால் 'ஸ்டூப் சேல்'. கனெக்டிகட் பக்கம் 'டேக் சேல்' என்பார்கள்.

இதன் மூதாதைக்கு 'ரம்மேஜ் சேல்' என்று பெயர். ரம்மேஜ் என்பது கப்பலில் சரக்கு அடுக்குவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சொந்தக்காரர் வந்து எடுக்காமல் துறைமுகத்தில் கிடந்த சரக்கை விற்றுத் தீர்ப்பதற்கு அந்தப் பெயர் முதலில் வழங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க தேவாலயங்களின் பெண்கள் சங்கத்தார் அதை எடுத்துக்கொண்டார்கள். சபை மக்களிடம் பழைய துணி, பாத்திரம், நாற்காலி எல்லாம் வாங்கி, ஒரு கூடத்தில் வைத்து விற்று, வந்த பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்தார்கள். 1902-இல் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார், பழைய பொருள்களைச் சேகரித்து, வேலையில்லாத ஏழைகளைக் கொண்டே பழுது பார்த்து விற்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். 'குட்வில்' என்ற பெயரில் அது இன்று நாடெங்கும் கடை கடையாக நிற்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழசைத் தானமாகக் கொடுப்பதில் கௌரவம் இருந்தது. தன் வீட்டுச் சாமானைத் தன் வாசலிலேயே வைத்துத் தான் விற்பது வேறு விஷயம். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில், கடன் கட்ட முடியாத விவசாயிகளின் ஏரும் மாடும் கட்டிலும் அவரவர் முற்றத்திலேயே ஏலம் போயின. சில ஊர்களில் அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடி, வெளியாள் யாரையும் ஏலம் கேட்க விடாமல், காசு கணக்கில் கேட்டு எடுத்து, எல்லாவற்றையும் சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 'பென்னி ஆக்‌ஷன்' என்று அதற்குப் பெயர். அந்தத் தலைமுறைக்கு, வீட்டு முற்றத்தில் சாமான் பரப்பிக் கிடந்தால் குடும்பம் நொடித்துவிட்டது என்று அர்த்தம். வாசல் விற்பனை தாமதமாக வந்ததற்கு இந்த வெட்கம்தான் காரணம் என்பது என் கணிப்பு.

வெட்கம் விலக இரண்டாம் உலகப்போர் முடிய வேண்டியிருந்தது. போரிலிருந்து திரும்பிய வீரர்கள் வீடு வாங்க 1944-ஆம் ஆண்டுச் சட்டம் கைகொடுத்தது. 1947-இல் நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் லெவிட்டவுன் என்ற குடியிருப்பு எழுந்தது. உருளைக்கிழங்கு வயல்களின் மேல், அச்சில் வார்த்தாற்போல ஆயிரக்கணக்கான வீடுகள். வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் வீடுகளுக்குக் கராஜே கிடையாது! பின்னால் வந்த வீடுகளுக்கு முதலில் ஒரு கார் கராஜ், அப்புறம் இரண்டு கார் கராஜ் என்று வளர்ந்தது. 1950-இல் ஒரு புது வீட்டின் சராசரிப் பரப்பு ஆயிரம் சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. 2015-இல் ஏறக்குறைய 2,700 சதுர அடி. குடும்பத்தில் ஆள் குறைந்தது, வீடு பெருத்தது. இடம் இருந்தால் சாமான் தானாக வந்து சேரும். கடைசியில் கார் வெளியே மழையில் நிற்கும், கராஜுக்குள் சாமான் இருக்கும். எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான், எங்கள் வீடு உள்பட.

இன்னொரு காரணமும் உண்டு. 1950, 60-களில் அமெரிக்கர்களில் ஐந்தில் ஒருவர் ஆண்டுதோறும் வீடு மாறினார். மாறும்போது எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. நம் ஊரிலானால் வாசலுக்கே ஆள் வருவார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், பழைய புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம், தராசைத் தூக்கிக்கொண்டு பழைய பேப்பர்க்காரர். அவர்களும் விட்டுவைத்த பாயும் துடைப்பமும் போகியன்று நெருப்புக்குப் போகும். ஒஹையோவில் எங்கள் தெருவுக்குப் பேரீச்சம்பழக்காரர் வரமாட்டார். அதனால் வீட்டுக்காரரே வியாபாரி ஆனார்.

1960-களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கிய பழக்கம், 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து விலைவாசி ஏறியதும் வேகம் பிடித்தது. அதே 1973-இல் கலிபோர்னியாவில் மார்த்தா ராஸ்லர் என்ற கலைஞர், பல்கலைக்கழகக் கலைக்கூடத்துக்குள்ளேயே ஒரு கராஜ் சேல் நடத்திக் காட்டினார். 2012-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மறுபடியும் நடத்தினார், பேரம் பேசுவது உள்பட. கலைக்கூடத்துக்குள் வந்துவிட்ட பிறகு ஒரு பழக்கத்துக்கு என்ன வெட்கம்?

நான் 1976 செப்டம்பரில் மேற்படிப்புக்கு அங்கே போய் இறங்கினேன். கையில் இருந்த டாலரை விரல்விட்டு எண்ணிவிடலாம். தரையில் படுத்துக்கொண்டிருந்த என்னை, எனக்கு முன்பே வந்திருந்த ஒரு தமிழ் நண்பர் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எழுப்பி, "வாப்பா, ஷாப்பிங் போகலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். ஒரு பாட்டியம்மா வீட்டு வாசல். மெத்தை 5 டாலர், மேஜை 3 டாலர். ஒரு குக்கர் மூடி 10 சென்ட், ஆனால் குக்கர் இல்லை! நான் குளிர்காலக் கோட்டு ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஊருக்குப் புதுசா?" என்றார். கோட்டை என் தோளில் போட்டு, மெத்தை விலைக்குள் அதையும் சேர்த்துக்கொண்டார். அவர் கணவருடைய கோட்டு அது. அதைப் போட்டுக்கொண்டு ஆறு குளிர்காலம் ஓட்டினேன்.

இந்தக் குணத்தைப் பிற்காலத்தில் கிரெட்சன் ஹெர்மன் என்ற மானிடவியல் அறிஞர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கராஜ் சேலில் கைமாறுவது விற்பனைச் சரக்கா, அன்பளிப்பா என்பதுதான் 1997-இல் அவர் எழுதிய கட்டுரையின் கேள்வி. பொருளை மதித்து வைத்துக்கொள்பவர் என்று தெரிந்தால் விற்பவர் விலையைக் குறைப்பார், சும்மாவும் கொடுப்பார். வியாபாரி என்று தெரிந்தால் விறைத்துக்கொள்வார். இந்தச் சந்தையை நடத்துபவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் அவர் எடுத்துக்காட்டியிருக்கிறார். எங்கள் வீட்டு அனுபவமும் அதுவே. நான் பெட்டி தூக்கியதோடு சரி.

எல்லா சேலையும் மிஞ்சியது ஒன்று உண்டு. டென்னஸி மாநிலத்தில் ஃபென்ட்ரஸ் கவுண்டியின் நிர்வாகியாக இருந்த மைக் வாக்கர், பெரிய நெடுஞ்சாலையிலேயே பறந்து போகும் பயணிகளைச் சிற்றூர்ப் பக்கம் இழுக்க வேண்டும் என்று 1987-இல் 127-ஆம் எண் சாலையோரம் ஒரு தொடர் விற்பனையை ஆரம்பித்தார். இப்போது அது மிச்சிகனிலிருந்து அலபாமா வரை 690 மைல் நீளம், ஒவ்வோர் ஆகஸ்டிலும் நான்கு நாள். நாங்கள் ஒரு வருஷம் காரில் போனோம். என் மனைவி ஒவ்வொரு கூடாரத்துக்கும் இறங்கியதில் முதல் நாள் 30 மைல்தான் தாண்டினோம்.

அதிர்ஷ்டக் கதைகளும் உண்டு. 2007-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குடும்பம் 3 டாலருக்கு வாங்கிக் கூடத்து அலமாரியில் வைத்திருந்த வெள்ளைக் கிண்ணம், ஆயிரம் ஆண்டுப் பழமையான சீனப் பீங்கான் என்று தெரியவந்து, 2013-இல் ஏலத்தில் 22 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. இதை நம்பி யாரும் வேலையை விட வேண்டாம். எனக்குக் கிடைத்தது குக்கர் மூடி.

1995-இல் ஈபே வந்தது. அதில் முதலில் விற்றது உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர், 14 டாலர் 83 சென்டுக்கு! 2016-இல் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் வந்தது. விலைபோகும் பொருள்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. வாசலில் மிஞ்சியது மற்றவை.

நாங்கள் 2018-இல் வீட்டை விற்றபோது நடத்தியது 'மூவிங் சேல்'. மூன்று மாதம் முன்பே என் மனைவி வேலையைத் தொடங்கிவிட்டார். வைத்துக்கொள்வது, கொடுப்பது, விற்பது என்று மூன்று குவியல். ஊராட்சி அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு. நீண்ட விடுமுறை வாரத்தில் ஊரே வெளியூர் போய்விடும் என்பதால் அதைத் தவிர்த்துத் தேதி. தெருமுனையில் அம்புக்குறி போட்ட பலகை. காரில் போகிறவருக்கு மூன்று வார்த்தைக்கு மேல் படிக்க நேரமில்லை. எல்லாப் பொருளிலும் விலைச்சீட்டு, புது விலையில் பத்தில் ஒன்று. சில்லறை நிறைய. மின்சாதனத்தைப் போட்டுக் காட்ட ஒரு நீள ஒயர். எட்டு மணி என்று போட்டால் ஆறரைக்கே டார்ச் லைட்டோடு வந்து நிற்பார்கள், அவர்கள்தான் வியாபாரிகள். "போணி ஆகட்டும், கொடுத்துடுங்க" என்றேன் நான். "நீங்க சும்மா இருங்க" என்றார் மனைவி. வாங்கிய விலைக்குக் குறைத்து விற்பதால் வருமான வரித் தொல்லை கிடையாது.

பிள்ளைகள் இருவரும் தூங்கிய தொட்டிக் கட்டிலை மட்டும் விற்க முடியவில்லை. பக்கவாட்டுச் சட்டம் கீழே இறங்கும் அந்த வகைக் கட்டிலில் குழந்தைகள் சிக்கி இறந்ததால், 2011 ஜூன் முதல் அதை விற்கக்கூடாது என்று தடை. வாசலில் விற்றாலும் சட்டம் சட்டம்தான். மரத்தைத் தனித்தனியாகக் கழற்றி, யாரும் மறுபடி பூட்ட முடியாதபடி உடைத்தோம். உடைக்கும்போது இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

கடைசியில் ஆட்டுக்கல். 1979-இல் கல்யாணம் முடிந்து வந்தபோது, மாமியார் பிடிவாதமாகக் கப்பலில் அனுப்பி வைத்தது. மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் வந்த பிறகு இருபது வருஷமாகக் கராஜ் மூலையில் கிடந்தது. தமிழ் இளைஞர்கள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். "ஆன்ட்டி, இதை அபார்ட்மென்ட்ல எங்க வைக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மத்தியானம் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். குழவியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். என் மனைவி இது இன்னது என்று விளக்கினார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, தோட்டத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் பறவைகள் குடிக்குமே என்றார். சீட்டில் 20 டாலர். என் மனைவி சீட்டைக் கிழித்தார். "சும்மா எடுத்துக்குங்க. ஆனா குழவியையும் பக்கத்துலயே வைக்கணும்" என்றார். அந்த அம்மா சரி என்றார், காரில் ஏற்ற நானும் அவர் மகனும் படாதபாடு பட்டோம். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையோடு ஒரு போட்டோ வந்தது. பனி படிந்த ஆட்டுக்கல், பக்கத்தில் குழவி. குழவியின் மேல் சிவப்பாக ஒரு கார்டினல் குருவி.

அன்று மாலை மிஞ்சியவை குட்வில் வண்டியில் போயின. ஸ்லைடு ரூலை நான் மேஜையில் வைக்கவே இல்லை. சந்திப்பு நாளில் கொண்டு வருகிறேன். 1971-இல் அதை எனக்கு விற்ற அண்ணன் வந்திருந்தால், மேற்குப் பிளாக் மாடி வராந்தா என்றால் அவருக்கே தெரியும், அந்த 2 ரூபாயையும் கொண்டு வருகிறேன்.