தகயாசு தமனியழற்சி

பெருந்தமனியையும் அதிலிருந்து கிளைக்கும் பெரிய தமனிகளையும் தாக்கும் அரிய அழற்சி நோய். 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிதோ தகயாசு, மருத்துவர் கூட்டம் ஒன்றில், ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலைபோல் வளைந்து பின்னியிருந்ததை விவரித்தார். அதே கூட்டத்தில் வேறு இருவர், தாங்கள் கண்ட இத்தகைய நோயாளிகளின் மணிக்கட்டில் நாடித்துடிப்பே இல்லை என்றனர். 'நாடியற்ற நோய்' என்ற பெயரும் இதற்கு உண்டு.

பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கே வருகிறது. தொடக்கத்தில் காய்ச்சல், சோர்வு, எடைக்குறைவு மட்டுமே இருப்பதால், கண்டறிவது பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள்கூடத் தள்ளிப்போகிறது. தமனிச்சுவர் தடித்து உட்குழல் குறுகியபின்தான் நோய் தன்னைக் காட்டிக்கொள்கிறது: கையைத் தூக்கி வேலை செய்தால் வலி, தலைசுற்றல், இரு கைகளிலும் வேறுபடும் ரத்த அழுத்தம். சிறுநீரகத் தமனி சுருங்கினால் ரத்த அழுத்தம் கடுமையாக ஏறும். இந்திய நோயாளிகளிடம் இந்தச் சிறுநீரகத் தமனிப் பாதிப்பு அதிகம்.

ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்சேட் போன்ற எதிர்ப்பாற்றல் அடக்கிகளும் அழற்சியைத் தணிக்கின்றன. மருந்தைக் குறைக்கும்போது நோய் திரும்புவதே பெரிய சிக்கல். அடைப்பை நீக்கும் அறுவையை, இயன்றவரை அழற்சி அடங்கியபின் செய்வதே நல்லது.

1994-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், 120 நோயாளிகளின் 15 ஆண்டு உயிர்வாழ்வு வீதம் சுமார் 83 விழுக்காடு. பக்கவாதம், இதயச் செயலிழப்பு ஆகியவையே உயிருக்கு முக்கிய ஆபத்துகள்.

நோயின் தீவிரத்தை அளக்க இந்திய மருத்துவர்கள் 'ஐடாஸ் 2010' மதிப்பீட்டை உருவாக்கினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கும் அதில் பங்குண்டு. நோயைத் தவறவிடாமலிருக்க, இளம்பெண்ணுக்கு உயர் ரத்த அழுத்தம் தெரிந்தால், இரு கைகளிலும் அளந்து பார்ப்பது கட்டாயம்.