சூட்கேஸில் வந்த பாஸ்தா: கடல் கடந்த இத்தாலியர்களின் நூறாண்டுத் தேடல்

இந்த வாரம் போர், அரசர், படையெடுப்பு எதுவும் கிடையாது. சாப்பாட்டுக் கதை. ஆனால் கேட்டு முடிக்கும்போது இதிலும் ஒரு உலகப் போர், இரண்டு வரிச் சண்டை, ஒரு கோர்ட் கேஸ் எல்லாம் வந்திருக்கும், பாருங்க.

நான் மியூனிக்கில் இருக்கிறேன் என்பது தொடர்ந்து கேட்பவர்களுக்குத் தெரியும். எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டுக்காரர் இத்தாலியர், கலாப்ரியா மலைக்கிராமத்துக்காரர். 1964-ல், பத்தொன்பது வயதில், ரயிலேறி ஜெர்மனிக்கு வேலைக்கு வந்தவர். ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டில் பார்த்தேன். பாஸ்தா அடுக்கின் முன்னால் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். "என்ன தேடுறீங்க?" என்று கேட்டேன். "நல்லதா இருக்கணும், விலையும் கட்டுப்படியாகணும். அறுபது வருஷமா இதைத்தான் தேடிட்டு இருக்கேன்" என்றார்.

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்த பதில் மண்டைக்குள்ளேயே இருந்தது. பிறகு படிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, இது அவர் ஒருவரின் தேடல் இல்லை, லட்சக்கணக்கான இத்தாலியர்களின் தேடல்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழற்றி வைத்துவிடுவோம். இத்தாலியர் என்றால் காலங்காலமாக மூன்று வேளையும் பாஸ்தா சாப்பிட்டவர்கள் என்று நினைக்கிறோம், இல்லையா? அது சரியில்லை. நேப்பிள்ஸ் நகரத்து ஜனங்களுக்கே ஒரு காலத்தில் 'இலை தின்பவர்கள்' என்றுதான் பட்டப்பெயர். கீரையும் முட்டைக்கோசும்தான் அவர்களுடைய சாப்பாடு. 17-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் அது 'மக்கரோனி தின்பவர்கள்' என்று மாறியது. அதுவும் நகரத்தில். தெற்கு இத்தாலியின் கூலி விவசாயிக்கு 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வரைக்கும் பாஸ்தா என்பது பண்டிகைச் சாப்பாடு. கல்யாணம், திருவிழா, அறுவடை முடிந்த நாள். மற்ற நாட்களில் கருப்பு ரொட்டி, அவரை, கீரை. கோதுமையை விளைவித்தவன் அவன், அதைச் சாப்பிட்டவன் வேறொருவன்.

அப்படியென்ன விசேஷம் அந்தக் கோதுமையில்? பாஸ்தாவுக்கு உகந்தது துரம் கோதுமை. லத்தீனில் துரம் என்றால் கடினம் என்று அர்த்தம். சாதாரண கோதுமையை அரைத்தால் மாவாகும். இதை அரைத்தால் மஞ்சளாக, குருணையாக, ரவை மாதிரி வரும். புரதம் அதிகம் என்பதால் கொதிக்கும் தண்ணீரிலும் குழையாமல் நிற்கும். நம்மூர் சம்பா கோதுமை 'எமர்' என்ற பழைய இனத்தைச் சேர்ந்தது. அந்த எமரிலிருந்து வந்ததுதான் துரம். ஆக, நமக்கு அது தூரத்து உறவு இல்லை, நெருங்கிய சொந்தம்தான்.

நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் கிரான்யானோ, தோர்ரே அன்னுன்சியாத்தா என்று இரண்டு ஊர்கள். கிரான்யானோவில் மலையிலிருந்து இறங்கும் ஓடை மாவு மில்லை ஓட்டும். கடலிலிருந்து வரும் காற்று பாஸ்தாவை உலர்த்தும். தெரு முழுக்கக் கழிகளில் ஸ்பாகெட்டி தொங்கும் பழைய புகைப்படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். உலர்த்துவது லேசான வேலை இல்லை. முதலில் வெயிலில் மேல்தோல் மட்டும் காயும். பிறகு ஈரமான நிலவறையில் வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே வரும். அதன் பிறகு மெதுவாகக் காற்றில். அவசரப்பட்டால் விரிசல் விடும், தாமதித்தால் புளித்துவிடும். வானத்தைப் பார்த்துக் கணிக்கத் தெரிந்தவர்தான் தொழிலாளிகளுக்குத் தலைவர். இவர்கள் உயர்வாக மதித்த கோதுமை ரஷ்யாவிலிருந்து, அசோவ் கடலில் இருக்கும் தகன்ரோக் துறைமுகம் வழியாக வந்தது. ஆமாம், அந்தக் காலத்து 'அசல் நேப்பிள்ஸ் பாஸ்தா'விலேயே ரஷ்யக் கோதுமை இருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருவோம்.

1880-க்கும் 1920-க்கும் நடுவில் சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்கா போனார்கள். பெரும்பாலானோர் தெற்கத்திக்காரர்கள். ரயில் பாதை போட்டார்கள், சுரங்கம் தோண்டினார்கள், ஆடை தைத்தார்கள். கையில் வாரக்கூலி வந்ததும் முதலில் என்ன செய்தார்கள்? ஊரில் வருஷத்துக்கு நாலு முறை மட்டும் கிடைத்த பாஸ்தாவைத் தினமும் சாப்பிட ஆரம்பித்தார்கள். இது எனக்கு ரொம்ப முக்கியமாகத் தோன்றுகிறது. அவர்கள் அங்கே தேடியது அம்மா கையால் தினமும் சாப்பிட்ட சாப்பாட்டை இல்லை. ஊரில் அவர்களுக்குக் கிடைக்காமல் போன சாப்பாட்டை.

ஆனால் நல்ல பாஸ்தா அமெரிக்காவில் எங்கே கிடைக்கும்? தொழிற்சாலைகள் இல்லாமல் இல்லை. 1848-லேயே ஆன்டொயின் செரேகா என்பவர் ப்ரூக்ளினில் ஒன்று தொடங்கிவிட்டார். கீழ்த்தளத்தில் ஒரு குதிரை சுற்றிச் சுற்றி வந்து இயந்திரத்தை ஓட்டும், மொட்டைமாடியில் பாஸ்தா காயும். சிக்கல் கோதுமையில் இருந்தது. அமெரிக்காவில் விளைந்தது ரொட்டிக் கோதுமை. அதில் செய்தால் வெளுத்துப்போய், வெந்ததும் கூழாகும். அதனால் கூலித் தொழிலாளிகூட இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த பெட்டியைத்தான் கேட்டு வாங்கினார், விலை கூட என்றாலும். மற்றதில் மிச்சம் பிடித்தார், இதில் பிடிக்கவில்லை. குடியேறிகளைத் 'திருத்த' வந்த சமூக சேவகர்களுக்கு இது ஊதாரித்தனமாகத் தெரிந்தது. ஒரு குடும்பம் இன்னும் மக்கரோனி சாப்பிடுகிறது என்றால் அது இன்னும் அமெரிக்காவுக்குப் பழகவில்லை என்று அர்த்தம் செய்துகொண்டார்கள். 1913-ல் இத்தாலியின் பாஸ்தா ஏற்றுமதி சுமார் 70,000 டன். அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது.

இங்கே கதைக்குள் இத்தாலியரே இல்லாத ஒருவர் வருகிறார். மார்க் கார்ல்டன், கான்சாஸில் வளர்ந்தவர், அமெரிக்க விவசாயத் துறை விஞ்ஞானி. வறட்சியைத் தாங்கும் பயிரைத் தேடி 1898-ல் ரஷ்யா போனார். அங்கிருந்து 'குபான்கா' என்ற துரம் கோதுமை விதையைக் கொண்டுவந்தார். டகோட்டாவின் வறண்ட நிலத்தில் அது அருமையாக விளைந்தது. ஆனால் மில்காரர்கள் வாங்க மறுத்தார்கள், ரொம்பக் கடினம், எங்கள் இயந்திரத்தில் அரைபடாது என்று. விவசாயிகளிடமும், மில்காரர்களிடமும், பாஸ்தா தொழிற்சாலைக்காரர்களிடமும் இந்த மனிதர் வருஷக்கணக்கில் பேசிப் பேசி அதற்கு ஒரு சந்தையை உண்டாக்கினார். இன்றைக்கும் அமெரிக்காவில் துரம் அதிகம் விளைவது வடக்கு டகோட்டாவில்தான். கார்ல்டனுக்கு என்ன கிடைத்தது? கடன் தொல்லையில் சிக்கினார், அரசு வேலை போயிற்று, 1925-ல் பெரு நாட்டில் மலேரியாவில் இறந்தார்.

1914-ல் போர் மூண்டது. தார்தனெல்ஸ் நீரிணை மூடப்பட்டது, ரஷ்யக் கோதுமை நின்றது. மறு வருஷம் இத்தாலியும் போரில் இறங்கியது, பாஸ்தா கப்பல்களும் நின்றன. அந்த வெற்றிடத்தை அமெரிக்கத் தொழிற்சாலைகள் பிடித்துக்கொண்டன. டகோட்டா கோதுமை தயாராக இருந்தது. தொழில் தெரிந்த இத்தாலியர்களும் அங்கேயே இருந்தார்கள். போர் முடிந்தபோது நேப்பிள்ஸ் பக்கத்து ஊர்கள் தங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளரை இழந்திருந்தன. அந்த வாடிக்கையாளர் யார்? அவர்களுடைய சொந்த ஊர்க்காரர்கள்தான்.

அர்ஜென்டினா போனவர்களின் கதை வேறு மாதிரி. அங்கே இன்றைக்கும் மாதம் 29-ஆம் தேதி 'நியோக்கி' சாப்பிடும் வழக்கம் உண்டு. உருளைக்கிழங்கும் கொஞ்சம் மாவும் போதும். மாசக் கடைசியில், சம்பளத்துக்கு முந்தைய நாளில், செலவில்லாத சாப்பாடு. தட்டுக்கு அடியில் ஒரு ரூபாய் நோட்டை வைப்பார்கள், அடுத்த மாதமாவது கை கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று.

இப்போது ஜெர்மனிக்கு வருவோம். 1955 டிசம்பர் 20-ஆம் தேதி ரோமில் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. இத்தாலி ஆட்களை அனுப்பும், ஜெர்மனி வேலை கொடுக்கும். எங்கள் கீழ் வீட்டுக்காரர் வந்தது இந்த ஏற்பாட்டில்தான். அட்டை சூட்கேஸில் பாதி துணி, பாதி பாஸ்தாவும் ஆலிவ் எண்ணெயும் என்று சொல்வார். விடுதியில் எட்டுப் பேருக்கு ஒரு அடுப்பு. கடையில் கிடைத்தது முட்டை சேர்த்த ஜெர்மன் நூடுல்ஸ். "சாஸ் ஊத்தினா கரைஞ்சுடும். குழந்தைக்குக் கொடுக்கலாம், கொத்தனாருக்குக் கொடுக்க முடியுமா?" என்பார். இத்தாலியச் சரக்கு விற்ற கடையில் நல்லது கிடைத்தது. ஆனால் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய பையனுக்கு அந்த விலை எட்டவில்லை.

அதே காலத்தில் இத்தாலி ஒரு சட்டம் போட்டது. 1967-ஆம் வருஷத்து 580-ஆம் எண் சட்டம். உலர் பாஸ்தா என்று விற்றால் துரம் கோதுமையில் மட்டுமே செய்திருக்க வேண்டும். ஒரு ஜெர்மன் கம்பெனி சாதாரண கோதுமையும் கலந்து செய்த பாஸ்தாவை இத்தாலியில் விற்கப் போக, வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. இத்தாலியின் வாதம்: இதை அனுமதித்தால் எங்கள் தெற்கு விவசாயிகளின் துரம் கோதுமையை யார் வாங்குவார்கள்? 1988 ஜூலையில் தீர்ப்பு வந்தது. வெளிநாட்டு பாஸ்தாவைத் தடுக்கக் கூடாது. என்ன கலந்திருக்கிறது என்று லேபிளில் எழுதினால் போதும், முடிவு வாங்குபவருடையது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய வருஷம்தான் அதே நீதிமன்றம் ஜெர்மனியின் பழம்பெருமை வாய்ந்த பீர் தூய்மைச் சட்டத்தையும் இதே மாதிரி தளர்த்தியிருந்தது.

இத்தாலிக்குள் தயாரிப்பவர்களுக்கு துரம் விதி இன்றும் உண்டு. 2001-ல் வந்த விதிப்படி புரதம் குறைந்தது 10.5 சதவீதம் இருக்க வேண்டும். ஆனால் ஏற்றுமதிக்கென்று செய்வதற்கு விலக்கும் இருக்கிறது. ஆகவே பாக்கெட்டில் இத்தாலியக் கொடியைப் பார்த்ததும் நம்பிவிட முடியாது.

அமெரிக்காவில் இருக்கும் இத்தாலியருக்கு இன்னொரு தலைவலி, வரி. 1985-ல் ஐரோப்பாவோடு ஆரஞ்சு, எலுமிச்சை விவகாரத்தில் சண்டை வந்தது. ரீகன் அரசு பாஸ்தா மீது வரியை ஏற்றியது. பதிலுக்கு ஐரோப்பா அமெரிக்க எலுமிச்சைக்கும் வால்நட்டுக்கும் வரி போட்டது. அடுத்த வருஷம் சமாதானம் ஆனார்கள். 1996-ல் இத்தாலிய பாஸ்தா அடிமாட்டு விலைக்கு வருகிறது என்று தனி வரி வந்தது. 2025-ல் சில கம்பெனிகளுக்கு 91.74 சதவீதம் என்று அறிவித்துப் பெரும் பரபரப்பாகி, பிறகு வெகுவாகக் குறைத்தார்கள். நூறு வருஷத்துக்கு முன் கூலி ஆள் பெட்டிக்குக் கொடுத்த அதே கூடுதல் விலைதான், இப்போது வேறு பெயரில்.

சரி, நம்ம ஆள் பாக்கெட்டின் பின்பக்கத்தில் எதைத்தான் படித்தார்? அவரிடமே உட்கார்ந்து கேட்டேன். முதலில் சேர்மானம்: துரம் கோதுமை ரவை, தண்ணீர், அவ்வளவுதான் இருக்க வேண்டும். இரண்டாவது புரதம்: நூறு கிராமுக்கு 13, 14 இருந்தால் எடுப்பார், 11 என்றால் திரும்ப வைத்துவிடுவார். மூன்றாவது மேல்பரப்பு. பாஸ்தா பிழிவதும் நம் முறுக்கு பிழிவது மாதிரிதான், அச்சு வழியாக. வெண்கல அச்சில் பிழிந்தால் சொரசொரப்பாக, மாவு படிந்த மாதிரி இருக்கும், சாஸ் ஒட்டும். டெஃப்லான் அச்சில் வழவழவென்று பளபளக்கும். நான்காவது நிறம். பல மணி நேரம் மெதுவாக உலர்த்தியது வெளிர் மஞ்சள். அதிக சூட்டில் அவசரமாக உலர்த்தியதில் செம்பு நிறம் ஏறும்.

இந்தக் கணக்கில் அவர் கடைசியில் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? சூப்பர் மார்க்கெட்டின் சொந்தப் பெயரில், கீழ் அடுக்கில் கிடக்கும் மலிவு பாக்கெட். இத்தாலியில் செய்தது, வெண்கல அச்சு, புரதம் 14. பெயர் பெற்ற பாக்கெட்டில் பாதி விலை. அதன் ஓரத்தில் சின்ன எழுத்தில் கோதுமை எங்கிருந்து வந்தது என்று போட்டிருந்தது: ஐரோப்பிய ஒன்றியம் மற்றும் வெளிநாடு. தகன்ரோக் ஞாபகம் இருக்கிறதா? கப்பல் வரும் திசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இன்றைக்கு கனடாக் கோதுமையும் அங்கே போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பிட்டேன். தக்காளி, பூண்டு, மேலே கொஞ்சம் சீஸ். ஊரில் சின்ன வயசில் தினமும் இப்படித்தானா என்று கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்ல கடைப் பாஸ்தா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மத்த நாள் அவரைக்காய் சூப்பு. தினமும் பாஸ்தா சாப்பிட ஆரம்பிச்சது இங்க, ஜெர்மனியில வந்துதான். அம்மாவுக்கு லெட்டர்ல எழுதினேன், நம்பவே இல்லை."

அடுத்த வாரம் வேறொரு கதையோடு சந்திப்போம். அதுவரைக்கும் உங்கள் வீட்டு பாஸ்தா பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, புரதம் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்க.