டான்ஸ் மேனியா (இசைத்தட்டு)

டான்ஸ் மேனியா என்பது நியூயார்க் தாளக் கலைஞர் டிட்டோ புவெந்தே 1958ஆம் ஆண்டு ஆர்சிஏ விக்டர் நிறுவனம் மூலம் வெளியிட்ட இசைத்தட்டு ஆகும். மாம்போ, சா-சா-சா முதலிய கியூப நடன இசை வகைகளில் அமைந்த இதன் பாடல்கள் ஆடுவோருக்காகவே உருவாக்கப்பட்டவை. சாண்டோஸ் கொலோன் பாடியுள்ளார்.

புவெர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பெற்றோருக்கு 1923இல் நியூயார்க்கில் பிறந்த புவெந்தே, இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றினார். பின்னர் ஜூலியார்டு இசைப்பள்ளியில் பயின்றார். குச்சிகளால் வாசிக்கப்படும் இரட்டை முரசான டிம்பாலே இவரது முதன்மைக் கருவி. குழுவின் பின்வரிசையில் இருந்த அக்கருவியை முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர் இவரே. இதனால் தாளக்காரர் ஆடுவோரை நேருக்கு நேர் கண்டு வாசிக்க முடிந்தது.

இவர் வாசித்த பல்லேடியம் நடன அரங்கில், இனப்பாகுபாடு நிலவிய அக்காலத்திலும் கறுப்பர், வெள்ளையர், லத்தீன் மக்கள் ஒரே தளத்தில் ஆடினர்.

இவ்விசை பிற்காலத்தில் 'சல்சா' எனப் பெயர் பெற்றது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குக் குழம்புச்சாறு என்று பொருள். புவெந்தே அப்பெயரை விரும்பவில்லை. தாம் வாசிப்பது கியூபாவில் வேர்கொண்ட இசை என்பதே அவர் கருத்து. அவர் 2000ஆம் ஆண்டு மறைந்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2002இல் தொடங்கிய தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலின் முதல் 50 பதிவுகளுள் இத்தட்டும் இடம்பெற்றது.